"கலர் இறங்குமா?" என்று கேட்காதீர்கள்

நல்ல டீக்கு நாம் கொடுக்கும் ஒரே சான்றிதழ் "நல்ல கலர்" என்பதுதான். மளிகைக் கடையில் டீத்தூள் வாங்கும்போது "கலர் இறங்குமா?" என்று கேட்கிறோம். டீக்கடை மாஸ்டரிடம் "ஸ்ட்ராங்கா, கலரா போடுங்க" என்கிறோம். வீட்டுக்கு வந்த விருந்தாளியும் டம்ளரைக் கையில் வாங்கியதும் நிறத்தைத்தான் பார்க்கிறார். இந்த ஒரு வார்த்தையால் நாம் எதையெல்லாம் கெடுத்து வைத்திருக்கிறோம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் 34 வருடம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி டேஸ்டிங் அறையில். முதலில் கோப்பை கழுவுவது, தூள் நிறுத்துப் போடுவது, தண்ணீர் கொதிக்க வைப்பது. பிறகு டேஸ்டர் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வது. கடைசிப் பத்து வருடம் நானே கரண்டி பிடித்தேன். குன்னூர் ஏல மையம் 1963-ல் தொடங்கியது. நான் சேர்ந்தபோது அதன் முதல் தலைமுறை ஆட்கள் இன்னும் இருந்தார்கள். ஏலத்துக்கு முந்தைய நாட்களில் ஒரே காலையில் முன்னூறு கோப்பை வரை பார்ப்போம். ஒன்றைக்கூட விழுங்க மாட்டோம். கண்ணும் மூக்கும் பாதித் தீர்ப்பை எழுதிவிடும். நாக்கு கடைசியில் கையெழுத்துப் போடும், அவ்வளவுதான்.

ஒயின் ரசிப்பவர்களைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு எதிரே பிடிப்பார்கள். நடுவில் இருக்கும் நிறத்தைவிட விளிம்பில் இருக்கும் நிறம் அவர்களுக்கு முக்கியம். இளம் சிவப்பு ஒயினுக்கு விளிம்பு ஊதாவாக இருக்கும், வயதானால் செங்கல் நிறத்துக்கு வரும். பிறகு கோப்பையைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு முகர்வார்கள். அதற்கப்புறம்தான் ஒரு மிடறு. நாமும் "அடேயப்பா, என்ன ரசனை!" என்று வியக்கிறோம். அதே காரியத்தை ஒருவன் டீ டம்ளரில் செய்தால் "என்ன சார், ஈ விழுந்துடுச்சா?" என்று கேட்கிறோம். நான் ஒயின் குடிப்பவனும் அல்ல, அதற்குப் பரிந்து பேச வந்தவனும் அல்ல. ஆனால் திராட்சைச் சாற்றுக்குக் கிடைக்கும் மரியாதை, நம் மலையில் விளைந்து, நம் பெண்கள் குளிரில் நின்று பறித்த இலைக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது என் கேள்வி.

ஒயின்காரர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. 2001-ல் பிரான்சின் போர்தோ ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒயின் தயாரிப்பைப் பாடமாகவே படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். ஆனால் அதில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்திருந்தது. மாணவர்கள் முகர்ந்து பார்த்து, சிவப்பு ஒயினை வர்ணிக்கும் சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். இதைப் படித்த பலர் "பார்த்தீர்களா, ஒயின் ரசனை என்பதே பம்மாத்து" என்று சிரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணை நம்பி விட்டால் அது மூக்கின் வாயை அடைத்துவிடும் என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டுகிறது. ஆலிவ் எண்ணெயைத் தரம் பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் அடர் நீலக் கண்ணாடிக் கோப்பையில் எண்ணெயை ஊற்றி, நிறமே தெரியாதபடி வைத்துக்கொண்டு முகர்கிறார்கள். நம் டீக்கடையில் நடப்பது நேர் எதிர். அங்கே கண்ணாடி டம்ளரில் நிறத்தைக் காட்டி வியாபாரம். மூக்குக்கு வேலையே இல்லை.

சரி, அந்தக் கலர் என்பது என்ன? பறித்த கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். பிறகு சி.டி.சி. இயந்திரத்தில் விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டுவார்கள். இந்த இயந்திர முறை 1930-களில் அஸ்ஸாமில் வந்தது. நசுங்கிய இலைச்சாறு காற்றோடு சேரும்போது பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாகும். தொழிலில் இதை ஃபெர்மென்டேஷன் என்போம். உண்மையில் இது மாவு புளிப்பது போன்றதல்ல, நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பது போன்றது. இந்த நேரத்தில் இலையில் இரண்டு வகைப் பொருட்கள் உண்டாகின்றன. ஒன்று தியாஃப்ளேவின். தங்க நிறமும் பளபளப்பும் நாக்கில் சுருக்கென்ற துடிப்பும் தருவது இது. இன்னொன்று தியாரூபிஜின். பழுப்புச் சிவப்பும் கனமும் இதனால் வருகிறது. நல்ல டீக்கு இரண்டும் அளவாக வேண்டும். ஃபெர்மென்டேஷனை இழுத்துக்கொண்டே போனால் தியாஃப்ளேவின் குறைந்துகொண்டே போகும். நிறம் இருண்டுகொண்டே வரும், பளபளப்பும் துடிப்பும் வாசமும் போய்விடும்.

அதாவது, நாம் "நல்ல கலர்" என்று மெச்சுவது பல நேரங்களில் ஃபேக்டரியில் கைமீறிப்போன கலர். நாம் கேட்கிறோம் என்பதற்காகவே தெரிந்தே கைமீற விடுகிற ஃபேக்டரிகளும் உண்டு.

டேஸ்டர் நிறம் பார்ப்பதில்லையா? பார்ப்பார். ஆனால் அவர் கேட்கும் கேள்வி வேறு. எவ்வளவு கறுப்பு என்று கேட்க மாட்டார், எவ்வளவு வெளிச்சம் என்று கேட்பார். டேஸ்டிங் அறைக்கு வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைப்பார்கள். நேர் வெயில் விழாமல் நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தூளைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார்கள். 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று சர்வதேசத் தர விதியே உண்டு. பிறகு சாற்றைக் கிண்ணத்தில் வடித்துவிட்டு, ஊறிய இலையை மூடியைத் திருப்பி அதன்மேல் வைப்பார்கள்.

பார்க்க வேண்டியது மூன்று: காய்ந்த தூள், ஊறிய இலை, வடித்த சாறு. ஊறிய இலை புளி போட்டுத் துலக்கிய செம்புப் பாத்திரம் போல மின்ன வேண்டும். பச்சையாக இருந்தால் ஃபெர்மென்டேஷன் பற்றவில்லை, கருத்திருந்தால் மிஞ்சிவிட்டது. சாறு சிவப்பாக இருந்தாலும் உள்ளே விளக்கு வைத்தது போல இருக்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பில் பொன்னிற வளையம் ஒன்று தெரிந்தால் டேஸ்டர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வரும். அடுத்தது பால். நல்ல டீயில் பால் விட்டால் பொன்னும் செம்புமாக எழும். மோசமான டீ பால் பட்டதும் சாம்பல் பூத்த பழுப்பாகச் செத்துவிடும். பால் விடும் முன் கன்னங்கரேலென்று மிரட்டிய டீயெல்லாம் பால் விட்டபின் வாடிப்போவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

இனி மூக்கு. நம் முன்னோர் ஆறு சுவை என்று எண்ணிவைத்தார்கள். துவர்ப்பையும் அதில் சேர்த்தது எனக்குப் பெருமை, ஏனென்றால் டீயின் முதுகெலும்பே துவர்ப்புதான். ஆனால் டீயில் "ருசி" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நாக்குக்கே தெரியாது. நம்பிக்கை இல்லையென்றால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். சூடு தெரியும், துவர்ப்பு தெரியும், சர்க்கரை தெரியும். டீ தெரியாது. மூக்கை விட்டதும் தொண்டை வழியாக வாசம் மேலே ஏறும், அப்போதுதான் "ஓ, டீ" என்று மனசு சொல்லும். டேஸ்டர்கள் கரண்டியிலிருந்து சர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சுவது இதற்காகத்தான். சாறு பொடித்துளியாகச் சிதறி, வாசம் பின்பக்கமாக மூக்குக்கு ஏற வேண்டும்.

அந்த வாசத்தில் என்ன இருக்கிறது? டீயில் உள்ள லினலூல் என்ற மணப்பொருள்தான் கொத்தமல்லி விதையில் பிரதானமாக இருப்பது. ஜெரானியால் என்பது ரோஜாவில் இருப்பது. மலை உயரமாகவும் குளிராகவும் இருந்தால் செடி மெதுவாக வளரும், வாசம் இலையில் தங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரியில் பனிக்காலத்தில் வரும் டீயை ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார். பூ வாசம், நடுவில் எலுமிச்சைத் தோல் போல ஒரு கீற்று. இதில் நல்ல ரகமெல்லாம் ஏலத்தில் வெளிநாட்டு வியாபாரிகளுக்குப் போகிறது. நீலகிரி ஆர்தடாக்ஸ் டீக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நீலகிரியில் இருந்து இறங்கி மேட்டுப்பாளையம் வந்து கேட்டுப் பாருங்கள், அது கிடைக்காது. கிடைத்தாலும் "கலரே இல்லையே" என்று திருப்பிக் கொடுப்போம்.

மூக்கு நல்லதை மட்டும் சொல்வதில்லை, திருட்டையும் காட்டிக்கொடுக்கும். புகை வாசம் வந்தால் உலர்த்தும் அடுப்பில் ஓட்டை. தீய்ந்த வாசம் என்றால் சூடு அதிகம். புளித்த வாசம் என்றால் இயந்திரத்தைக் கழுவவில்லை, அல்லது இலையைக் குவித்துப் போட்டு வைத்திருந்தார்கள். சாக்கு வாசம், பூஞ்சை வாசம் என்றால் ஈரத்தில் கிடந்த சரக்கு. வாசமே இல்லை, ஆனால் கலர் மட்டும் கொட்டுகிறதா? அங்கேதான் நீங்கள் பயப்பட வேண்டும்.

டீக்கடைகளில் பயன்படுத்தித் தூக்கிப்போட்ட சக்கையைக் காயவைத்து, செயற்கைச் சாயம் ஏற்றி, புதுத்தூளோடு கலந்து விற்கும் கும்பல்கள் உண்டு. உளுந்துத் தோல், முந்திரிக் கொட்டையின் மேல்தோல் எல்லாம் சேர்ப்பார்கள். இந்தியச் சட்டப்படி டீத்தூளில் எந்தச் செயற்கை நிறமும் சேர்க்க அனுமதி கிடையாது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவ்வப்போது மூட்டை மூட்டையாகப் பிடிக்கிறார்கள். ஆனால் இந்த வியாபாரம் ஏன் நிற்கவில்லை? சாயத்தால் நிறத்தைக் கொடுக்க முடியும், வாசத்தைக் கொடுக்க முடியாது. வாசம் கேட்கிற ஊரில் இந்தத் திருடன் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான். கலர் கேட்கிற ஊர் அவனுக்குச் சொர்க்கம். அந்த ஊர் நம் ஊர்தான்.

சோதிப்பது சுலபம். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகைத் தூள் தூவுங்கள். நல்ல தூள் நிதானமாக, மெல்ல நிறம் விடும். சாயமேற்றியது விழுந்த மாத்திரத்தில் கோடு கோடாகக் கலரைக் கக்கும். வடிதாளில் தூளைப் பரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் காட்டுங்கள். அழுத்தமான கறை நின்றால் அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போடுங்கள்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு, அது மலையில். நீலகிரியில் பல்லாயிரக்கணக்கான சிறு விவசாயிகள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கிறார்கள். கோத்தகிரி, குந்தா, கூடலூர் பக்கம் போய்க் கேளுங்கள், கொழுந்து விலைதான் அவர்களுக்கு அரிசி, பள்ளிக்கூடச் சம்பளம், கல்யாணம் எல்லாம். சோவியத் யூனியன் இருந்த காலத்தில் நம் டீ ரூபாய்க் கணக்கில் அங்கே போனது. தரம் பற்றி அதிகம் கேள்வி இல்லை, இரண்டு இலையும் ஓர் அரும்புமாகப் பறித்த பழக்கம் தளர்ந்து முற்றிய இலையும் மூட்டைக்குள் வந்தது. அந்தச் சந்தை சுருங்கி, 1990-களின் கடைசியில் விலை விழுந்தபோது மலை முழுக்க அழுதது. அந்த அடியிலிருந்து பலர் இன்னும் நிமிரவில்லை.

இப்போது கொழுந்தின் குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் ஏலச் சராசரியைக் கொண்டு அறிவிக்கிறது. ஏலத்தில் விலை வைப்பது யார்? வியாபாரி. வியாபாரிக்குச் சொல்வது யார்? நீங்களும் நானும். "எனக்குக் கறுப்பா, மலிவா டஸ்ட் வேணும்" என்று நாம் சொன்னால், நல்ல இலைக்குக் கூடுதல் காசு தர வியாபாரிக்கு அவசியமில்லை. வியாபாரி தராததை ஃபேக்டரி எப்படித் தரும்? எட்டு நாளுக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்துக் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கும், மாதம் ஒரு தடவை கத்தரி வைத்து முற்றல் இலையோடு வெட்டித் தள்ளுபவருக்கும் ஏறக்குறைய ஒரே விலை என்றால், எவர்தான் பார்த்துப் பறிப்பார்? ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். அதில் எத்தனை முறை முதுகு குனிந்திருக்கும் என்று நாம் நினைப்பதில்லை. நிறத்தைக் கேட்டு, உழைப்பின் விலையைக் குறைத்துவிட்டோம்.

நான் இப்படிப் பேசினால் இரண்டு பதில்கள் வரும். முதல் பதில்: "ஐயா, மூட்டை தூக்குகிறவனுக்குப் பூ வாசம் எதற்கு? அவனுக்குத் தெம்புக்கு ஸ்ட்ராங் டீ வேண்டும்." இதில் ஓர் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. பசியை ஒரு மணி நேரம் தள்ளிப்போட டீ குடிப்பவர்கள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் ஸ்ட்ராங் என்பதும் கறுப்பு என்பதும் ஒன்றல்ல. நல்ல இலையில் காய்ச்சிய டீ இன்னும் துடிப்பாகத்தான் இருக்கும். அதோடு, சாயம் போட்ட சக்கை முதலில் போய்ச் சேருவது யாருடைய டம்ளருக்கு? அந்த மூட்டைக்காரருடைய டம்ளருக்குத்தான். கண்ணும் மூக்கும் பணக்காரனுக்கு மட்டும் கடவுள் கொடுத்ததா என்ன? முகர்ந்து பார்க்கக் காசு வேண்டாம்.

இரண்டாவது பதில்: "இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்." இஞ்சி டீ எனக்கும் பிடிக்கும், மழை நாளில் கேட்டு வாங்கிக் குடிப்பேன். ஆனால் இஞ்சி டீக்குத் துணையாக வர வேண்டும், முகமூடியாக வரக்கூடாது. காலையில் போட்ட தூள் பையை மதியம் வரை கொதிக்க விட்டால் வாசமெல்லாம் ஆவியாகிக் கூரைக்குப் போய்விடும். கசப்பும் கலரும்தான் மிஞ்சும். அதை மறைக்க இஞ்சி, இஞ்சியை மறைக்க மூன்று கரண்டி சர்க்கரை. நமக்கெல்லாம் சர்க்கரை அளவைப் பார்க்க மாதாமாதம் ரத்தம் எடுக்கிறார்கள் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். வயது ஏற ஏறக் கண், காது போல மூக்கும் மங்கும். யாரும் கவனிப்பதில்லை. சமையலில் உப்பு, காரம், சர்க்கரை கூடிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம். கேஸ் கசிந்தாலும் பால் கெட்டாலும் தெரியாமல் போவது ஆபத்து. மோப்பம் குறைந்தவர்களுக்கு ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு வாசங்களைத் தினமும் இரு வேளை கவனமாக முகரச் சொல்லும் பயிற்சியை மருத்துவர்களே தருகிறார்கள். நாலும் நம் கைக்கு எட்டும் பொருட்கள், யூகலிப்டஸ் தைலம் ஊட்டிக்குப் போன எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கும். தினம் காலை டீயையும் முகர்ந்து குடித்தால் மூக்குக்கு வேலை கொடுத்தது போலவும் ஆகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு மூன்று கடைகளில் 50 கிராம் வீதம் வெவ்வேறு தூள் வாங்குங்கள். ஒரே அளவு வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன், அப்போதுதான் கொதித்த தண்ணீர், மேலே தட்டு போட்டு ஐந்து நிமிடம். வடித்து, ஜன்னல் பக்கம் வைத்து, பால் சர்க்கரை இல்லாமல் பாருங்கள். எது கறுப்பு என்று பார்க்காதீர்கள், எது மின்னுகிறது என்று பாருங்கள். சக்கையைச் சூட்டோடு ஒரு தடவை, ஆறியபின் ஒரு தடவை முகருங்கள். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் இன்னும் நல்லது. பிறகு பால் விட்டு எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பயிற்சியும் இல்லாதவருக்கும் வித்தியாசம் தெரியும். என் மனைவி முதல் நாளே சரியாகச் சொன்னாள். தேர்ந்தெடுத்த தூளைக் காற்றுப் புகாத டப்பாவில், பெருங்காயத்துக்கும் சோப்புக்கும் தள்ளி வையுங்கள். பக்கத்து வாசத்தையெல்லாம் டீத்தூள் இழுத்துக்கொள்ளும்.

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது "கலர் இறங்குமா?" என்று கேட்காதீர்கள். "கொஞ்சம் காட்டுங்க, முகர்ந்து பார்க்கிறேன்" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். பத்துப் பேர் அப்படிக் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவரே டப்பாவைத் திறந்து நீட்டுவார். அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார், மொத்த வியாபாரி ஏலத்தில் கேட்பார். அந்தக் கேள்வி மலைக்கு ஏறிப்போய் ஒரு கொழுந்து மூட்டைக்கு நாலு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் எனக்குப் போதும்.